கையொப்பமிட்டவர் யார்?

1933ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னர், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லோங் பீச் நகரை நிலநடுக்கம் உலுக்கியது. ஏறக்குறைய 120 பேர் மாண்டனர். அப்பகுதியில் சுமார் 70 பாடசாலைகள் நாசமாயின. பிள்ளைகள் வீடு சென்றிருந்தனர். சில மணி நேரம் முந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது பெற்றோருக்கு விளங்கியது.

எமக்கும் இது புதிதல்ல. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் புகுந்த எமது கரையோரப் பாடசாலைகளில் அன்று பிள்ளைகள் இருக்கவில்லை. 'கடவுள் காத்தார்' என்று நன்றி சொன்னோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் கலிபோர்னியா மக்கள் அடுத்த கேள்வியையும் கேட்டார்கள்: வீடுகள் பல நின்றபோது பள்ளிச் சுவர் ஏன் விழுந்தது?

விடை எளியது. கம்பி வைக்காத செங்கற் சுவர்கள், மட்டமான சாந்து, சுவரோடு சரியாகப் பிணைக்காத கூரை. முகப்பில் மட்டும் அலங்காரம்.

சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10ஆம் திகதி, மாநிலச் சட்டம் பிறந்தது. அதைக் கொண்டுவந்த உறுப்பினர் டொன் பீல்டின் பெயரால் அது 'பீல்ட் சட்டம்' எனப்படுகிறது. 'பள்ளிகளை உறுதியாகக் கட்டுக' என்ற புத்திமதியோடு அது நிற்கவில்லை. அரசாங்கப் பாடசாலையின் வரைபடத்தை மாநிலக் கட்டடக்கலைப் பிரிவு அங்கீகரிக்கும்வரை வேலை தொடங்கலாகாது. வேலை நடக்கும் காலமெல்லாம் கொந்தராத்துக்காரரைச் சாராத மேற்பார்வையாளர் ஒருவர் நின்று பார்க்கவேண்டும். பொறியியலாளர், மேற்பார்வையாளர், கொந்தராத்துக்காரர் ஆகியோர், அங்கீகரித்தபடியே வேலை நடந்ததென உறுதிமொழியுடன் எழுதிக் கையொப்பமிடவேண்டும். பொய் எழுதினால் பெருங்குற்றம். சட்டத்தின் உயிர் இந்தக் கையொப்பத்தில்தான் இருக்கிறது என்பது எமது எண்ணம். பொறுப்பு எல்லாருக்கும் என்றால் ஒருவருக்கும் இல்லை.

1952இல் கேர்ன் மாவட்டத்தில் பூமி அதிர்ந்தபோது பழைய பள்ளிகள் பெருஞ்சேதமடைந்தன. இச்சட்டத்தின்படி கட்டியவை பெரும்பாலும் நின்றன.

குறைகளும் உண்டு. புதிய கட்டடங்களுக்கே சட்டம் முதலில் பொருந்தியது. பழையவற்றை அகற்றவோ திருத்தவோ 1970கள்வரை இழுபட்டது. பணமில்லை என்பதே காரணம். ஆயிரக்கணக்கான பாடசாலைக் கட்டட வேலைகளுக்கு இறுதிச் சான்றிதழே கிடைக்கவில்லை என்பதை 2011இல் பத்திரிகையாளர்கள் வெளிப்படுத்தினர். கேட்பாரில்லாவிட்டால் நல்ல சட்டமும் தூங்கிவிடும்.

எமது நாட்டில் 13ஆவது திருத்தத்தின்படி கல்விக் கட்டடங்களை அமைப்பதும் பேணுவதும் மாகாணத்துக்குரிய விடயம். அதற்கு நியதிச்சட்டம் இயற்றவும் இடமுண்டு. எம்மவர் பலர் பாடசாலை மண்டபங்களில் பாய் விரித்து மாதக்கணக்கில் படுத்தவர்கள். எந்தக் கூரை ஒழுகும், எந்தச் சுவர் வெடித்திருக்கிறது என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்? ஊர் திரும்பியபின் புதிய கட்டடம் திறக்கப்படும்போது மாலை போடுகிறோம், பெயர்ப்பலகையில் நன்கொடையாளர் பெயரை வாசிக்கிறோம். அத்திவாரத்தைப் பார்த்துக் கையொப்பமிட்டவர் பெயர் அங்கே இருப்பதில்லை. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அந்தப் பெயரைக் கேட்போம். அதிபரிடம் அது இல்லையென்றால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அனுப்பி, பிரதியைச் சங்கக் கோப்பில் வைப்போம்.