கம்ப்யூட்டருக்குப் பூட்டு உண்டா?

2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி. பிரிட்டனில் பல ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் திடீரென்று முடங்கின. 300 டாலர் கொடுத்தால்தான் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்ற மிரட்டல் திரையில் தோன்றியது. ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. "வான்னாகிரை" என்ற அந்த வைரஸ் சுமார் 150 நாடுகளைத் தாக்கியது.

புகுந்த வழி எது?

விண்டோசில் இருந்த ஓர் ஓட்டை! கம்ப்யூட்டரை இயக்கும் மூல ஏற்பாடு அதுதான். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

ஓட்டையே இல்லாமல் செய்ய முடியாதா?

"முடியும்" என்பது ஒரு கட்சி. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2009-ல் "எஸ்.இ.எல்.4" என்ற சிறிய ஏற்பாட்டைச் செய்தார்கள். அது திட்டமிட்டபடியே நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டு நிரூபித்தார்கள். அதில் சுமார் 8,700 வரிகள்.

"முடியாது" என்பது மறு கட்சி. விண்டோசில் கோடிக்கணக்கான வரிகள். அத்தனையையும் அப்படி நிரூபிப்பது நடக்கிற காரியமா?

இரண்டிலும் உண்மை உண்டு. பெட்டிக்குப் பூட்டுப் போடலாம். ஊருக்குப் போட முடியுமா? காவல்தான் வேண்டும்.

ஆகவே, திருத்தம் வந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்துத் தனியே வையுங்கள். உங்கள் கையில் உள்ள செல்போனுக்கும் இதே விதிதான்!