விருந்தும் எடையும்: எங்கள் அறிவுரையில் ஒரு திருத்தம்

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டையிலிருந்து திருவரங்குளம் வழியாக ஆலங்குடிக்குச் செல்லும் சாலையோரங்களில் மொய் விருந்து அழைப்புப் பதாகைகள் முளைத்துவிடும். வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், அப்பால் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி வரை ஆவணி முடியும் மட்டும் இதே காட்சிதான். சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: இது வெறும் விருந்தன்று. அழைப்பவர் ஆட்டுக்கறிச் சோறு போடுகிறார். வந்தவர் பணம் எழுதுகிறார். எழுதிய தொகை நோட்டில் ஏறுகிறது. எழுதியவர் வீட்டில் விருந்து வைக்கும்போது அது கூடுதலோடு திரும்புகிறது. கிணறு வெட்டியதும், பிள்ளையைப் படிக்க வைத்ததும், வெளிநாடு அனுப்பியதும் இப்பணத்தில்தான் என்று சொல்லும் குடும்பங்கள் இங்கு ஏராளம். ஆகவே, ஒரு மொய் விருந்துக்குப் போகாமல் இருப்பது உணவு பற்றிய முடிவன்று. கடன் பற்றியும் உறவு பற்றியும் எடுக்கும் முடிவு.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமலேயே நாங்கள் பல ஆண்டுகள் அறிவுரை வழங்கிவந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதற்காகவே இக்கட்டுரை.

திருவரங்குளம் பக்கத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.) ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 78 கிலோவிலிருந்து 67 கிலோவுக்குக் குறைந்தார். முழங்கால் வலி தணிந்தது. மாத்திரைகளையும் குறைக்க முடிந்தது. அதன் பிறகு ஆடியும் ஆவணியும் வந்தன. ஒன்பது மொய் விருந்துகள், ஒரு காதுகுத்து, ஒரு வளைகாப்பு. புரட்டாசியில் எடை பார்த்தபோது 70 கிலோ. வரிசையில் இருபது பேர் நிற்க, எங்களில் ஒருவர், "இவ்வளவு கஷ்டப்பட்டுக் குறைச்சதை ரெண்டே மாசத்துல விட்டுட்டீங்களேம்மா" என்றார். அன்புடன் சொன்னதாகவே நாங்கள் நினைத்தோம்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஏழு மாதம் கழித்து, ஆறாத கால் புண்ணுடன் மகன் அழைத்துவந்தார். எடை பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தது. ஒரு சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. இடையில் ஏன் வரவில்லை என்று கேட்டபோது அவர் சொன்னது இது: "மொய் எழுதிட்டுச் சாப்பிடாம வந்தா மனக்குறைன்னு நினைப்பாங்க. வர்ற வருஷம் நாங்க வைக்கணும் டாக்டர். சாப்பிட்டா நீங்க ஏசுவீங்க. எங்க போறது நான்?"

கால் புண்ணுக்கு விருந்து காரணமன்று. மூன்று கிலோவும் காரணமன்று. ஏழு மாதம் மருத்துவமனைப் பக்கமே வராததுதான் காரணம். அதில் எங்கள் பங்கு உண்டு.

எங்கள் கருத்தை நேராகச் சொல்கிறோம். "விருந்துகளைத் தவிருங்கள்" என்று இந்த வட்டாரத்து நோயாளியிடம் சொல்வது பயனற்ற அறிவுரை. சில வேளைகளில் தீங்கானதும்கூட. எடையைத் தக்கவைப்பது விருந்து நாளில் முடிவாகும் காரியமன்று. அது விருந்தில்லாத மற்ற நாள்களில் முடிவாகிறது.

இதற்குச் சான்றாக ஓர் அமெரிக்க ஆய்வைக் குறிப்பிடலாம். 2000-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு, நவம்பர் முதல் ஜனவரி வரையிலான பண்டிகைக் காலத்தில் 195 பேரின் எடையைத் தொடர்ந்து அளந்தது. சராசரியாகக் கூடியது 0.37 கிலோ மட்டுமே. தங்களுக்குக் கூடியிருக்கும் என்று அவர்களே மதிப்பிட்டதோ அதைப்போல் பன்மடங்கு. ஆனால் அந்தச் சிறு எடை அடுத்து வந்த மாதங்களில் குறையவில்லை, அப்படியே தங்கிவிட்டது. எங்களைச் சிந்திக்க வைத்தது இந்தப் பிற்பகுதிதான். விருந்து தருவது சிறிது. அதைக் கழிக்காமல் விடுவதே ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகிறது. அங்கே அவர்களுக்குப் பண்டிகைக் காலம் ஒன்று. நமக்கோ மொய் மாதங்கள், தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா, தை முகூர்த்தங்கள் என்று ஆண்டு முழுவதும் பரவிக்கிடக்கிறது.

விருந்துக்கு மறுநாள் காலையில் எடைப் பொறி ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டினால் பதறுபவர்கள் பலர். ஒரு கிலோ கொழுப்பு உடலில் சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உண்ணவேண்டும். ஒரே இலையில் அது நடவாது. காட்டப்படுவது பெரும்பாலும் உப்பு பிடித்துவைத்த நீரும், சோற்றின் மாவுச்சத்தோடு தசைகளில் தங்கும் நீரும், இன்னும் குடலில் இருக்கும் உணவும்தான். மூன்று நான்கு நாள் வழக்கமான உணவுக்குத் திரும்பினால் அதில் பெரும்பகுதி தானாக இறங்கிவிடும். (இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடி, காலும் வீங்கினால், விருந்தின்மேல் பழிபோட்டுக் காத்திராமல் உடனே வரவேண்டும்.)

எடை குறைத்தவர் அதைத் தக்கவைக்கப் போராடுவது மன உறுதிக் குறைவால் அன்று என்பதையும் குடும்பத்தினர் அறிந்துகொள்ள வேண்டும். 2011-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் எடை குறைத்தவர்களுக்கு, ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் இயக்குநீர்கள் உயர்ந்தே இருந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்தபோது, அவர்கள் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல், எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அதாவது, இழந்ததைத் திரும்பப் பெற உடல் முயன்றுகொண்டே இருக்கிறது. 67 கிலோவுக்கு இறங்கிய அம்மையாருக்கு, எப்போதும் 67 கிலோவாக இருந்த அவருடைய நாத்தனாரைவிடப் பசி கூடுதல், செலவு குறைவு. இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே அளவு சாப்பிட்டாலும் விளைவு ஒன்றாக இராது. "அவ சாப்பிடலையா, நீ மட்டும் என்ன" என்று கேட்கும் உறவினர் இதை ஒரு முறை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அப்படியானால் பந்தியில் என்ன செய்வது? பந்தியில் செய்யக்கூடியது கொஞ்சமே. ஆனால் அந்தக் கொஞ்சம் போதும். கறியை உண்ணுங்கள், சோற்றை ஒரு முறையோடு நிறுத்துங்கள். எழுந்து கை கழுவியவருக்கு யாரும் மறுசோறு போடுவதில்லை. ஒரே நாளில் மூன்று அழைப்பு இருந்தால், மூன்றிலும் மொய் எழுதி ஒன்றில் மட்டும் உண்பதை இப்பகுதியினர் பலர் முன்பே கடைப்பிடிக்கிறார்கள். மற்ற இரண்டு இடங்களில் ஒரு வாய் தண்ணீரும் வெற்றிலை பாக்கும் போதுமான மரியாதை. அதே வேளையில், விருந்து இருக்கிறதே என்று காலை உணவைத் தவிர்ப்பதைச் சர்க்கரை நோயாளிகள் செய்யக் கூடாது. இன்சுலினோ, சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டவர், பந்திக்கு மூன்று மணி வரை காத்திருந்து சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழ நேரிடும். மாத்திரை நேரத்தை முன்கூட்டியே எங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாளைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேச விரும்புகிறோம். காலை இட்டிலியோடு நிறையச் சாம்பார், மதியம் சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பும் கீரையும், இரவு சுண்டல். இதில் புதுமை ஒன்றுமில்லை. தேசிய பயறு ஆராய்ச்சி மையம் நம் பக்கத்து வம்பனில்தான் இருக்கிறது. அங்கு உருவான உளுந்து ரகங்கள் தமிழகமெங்கும் விதைக்கப்படுகின்றன. இந்த மண்ணின் உளுந்தும் பாசிப்பயறும் தட்டைப்பயறும் நம் தட்டில் மட்டும் ஒரு கரண்டியோடு நின்றுவிடுவது விந்தையே. பயறு பசியை நெடுநேரம் அடக்கும். சோறு அவ்வாறு அடக்காது.

நடை பற்றிச் சொல்லும்போது வீட்டு விலங்குகளைச் சொல்லாமல் விட இயலாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் சல்லிக்கட்டுக் காளை வளர்ப்போர் நிறைய. எங்களிடம் வரும் இளைஞர் ஒருவர் தம் காளையை நாள்தோறும் விடியலில் நடைக்குக் கூட்டிச்செல்கிறார். குளத்தில் நீச்சல் விடுகிறார். பருத்திக்கொட்டையையும் தவிட்டையும் அளந்து வைக்கிறார். காளைக்குச் சதை போட்டுவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருக்கிறது. அவருடைய எடை 94 கிலோ. காளையோடு தாமும் நடக்கிறாரே என்று வியந்து கேட்டோம். அவர் நடப்பதில்லை, தம்பி கயிற்றைப் பிடித்து நடக்க, இவர் வண்டியில் பின்னால் வருகிறார்! இப்போது வண்டி வீட்டில் நிற்கிறது. மூன்று மாதத்தில் குறைந்தது இரண்டு கிலோதான்; ஆயினும் இவ்வாண்டு ஆடி மாதத்தில் அவருக்கு எடை கூடவில்லை. எங்கள் கணக்கில் அதுவே பெரிய வெற்றி.

நாய் வளர்ப்பவர்களுக்கும் இதே வாய்ப்பு உண்டு. மழையென்றாலும் விருந்தாளி வந்தாலும் நாய்க்கு வெளியே போயாக வேண்டும். மனிதருக்குக் கிடைக்கும் சாக்குப்போக்கு அதற்குத் தெரியாது. ஆனால் விருந்தின் மிச்சத்தை அதற்குக் கொட்டுவது நன்றன்று. வெந்த எலும்பு சிதறிக் குடலைக் கிழிக்கலாம். வெங்காயம் கலந்த குழம்பு நாய்களுக்கு நஞ்சு. மிச்சம் வீணாகிறதே என்று வீட்டுப் பெண்களே அதைத் தின்று தீர்ப்பதும் வேண்டாம். எங்கள் பிரிவில் உணவுக் குறிப்பேடு எழுதிய பெண்கள் பலர், பிள்ளைகள் தட்டில் விட்டதைத் தாம் உண்டதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது அவர்களுக்கு உணவாகவே தோன்றவில்லை, வேலையாகத் தோன்றியது. இதற்கு அறிவுரை பெண்களுக்கன்று, சமைக்கும் அளவைச் சொல்லும் மற்றவர்களுக்கு.

முன்பெல்லாம் இவ்வளவு யோசித்தா சாப்பிட்டார்கள் என்று அப்பத்தாக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் காலத்தில் ஏற்றம் இறைத்தார்கள், நடவுக்கு நடந்தார்கள், கறிச்சோறு ஆண்டில் சில முறைதான். இன்று ஆழ்துளைக் கிணறும் இருசக்கர வண்டியும் வந்துவிட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, வயிற்றுப் பருமன் உள்ளவர் 39.5 விழுக்காடு, நீரிழிவு உள்ளவர் 11.4 விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. நம்மவர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பதே எல்லை. எடைப் பொறி இல்லாத வீட்டில் ஓர் அளவு நாடா போதும்; மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், தொப்புள் மட்டத்தில் அளந்து நாள்காட்டியில் எழுதுங்கள். மொய் நோட்டை இத்தனை ஒழுங்காக எழுதும் ஊர் இது. நான்கு எண்களை எழுதுவது கடினமன்று. முயற்சியில்லாமல் எடை தானாக இறங்கினால் மகிழ வேண்டாம். சர்க்கரை மிகுந்ததன் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

இனி எங்கள் தரப்பு. எடைப் பொறியை வரிசைக்கு எதிரேயிருந்து எடுத்து, திரைக்குப் பின்னால் வைத்துவிட்டோம். எடையை உரக்கச் சொல்வதை நிறுத்திவிட்டோம். ஆடி, ஆவணி மாதங்களில் எடை குறைக்கும் இலக்கு எதையும் யாருக்கும் கொடுப்பதில்லை. இருப்பதைக் காத்தால் போதும் என்கிறோம். இரண்டு கிலோ வரை கூடினாலும் புரட்டாசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். எங்கள் மருத்துவர்களிலேயே சிலர் இதை ஏற்கவில்லை. தளர்த்தினால் நோயாளிகள் முற்றிலும் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். அந்த அச்சம் புரிகிறது. ஆனால் கடுமையைக் கடைப்பிடித்துத்தான் பார்த்துவிட்டோமே.

அந்த அம்மையார் இப்போது மாதந்தோறும் வருகிறார். சென்ற ஆவணியில் அவர் வீட்டு மொய் விருந்து. எங்களையும் அழைத்திருந்தார், நான்கு பேர் போயிருந்தோம். இலையில் மறுசோறு வைக்கக் கரண்டியோடு வந்த தம்பியிடம், "அவங்களுக்குப் போதும்ப்பா, கறி மட்டும் வை" என்று அவரே சொன்னார். மொய் எழுதிவிட்டு வந்தோம். மறுவாரம் அவர் எடை 72 கிலோ.