அதிசய வீரரின் ஆடை அன்றாட வாழ்வுக்கு உதவுமா?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் பழமொழி. படக்கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் அதிசய வீரர்களுக்கோ ஆடையே முக்கால் பங்கு எனலாம். முதுகில் பறக்கும் மேலங்கி, முகத்தை மறைக்கும் முகமூடி, உடலோடு ஒட்டிய வண்ண உடை ஆகிய இவை இல்லையேல் அவர்களுள் பலரை நாம் அடையாளம் காணவும் மாட்டோம். மாறுவேடப் போட்டியிலும் பிறந்தநாள் விழாவிலும் நம் சிறுவர் இவ்வுடைகளை விரும்பி அணிகின்றனர். ஆகவே, இவை மெய்யான வாழ்வுக்குப் பொருந்துமா என்பதை ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

முதலில் இவ்வுடையின் வரலாற்றைக் காண்போம். 1938-ஆம் ஆண்டில் சூப்பர்மேனும், 1939-இல் பேட்மேனும், 1962-இல் ஸ்பைடர்மேனும் அமெரிக்கப் படக்கதைகளில் தோன்றினர். நம் நாட்டிலும் 1998-இல் தொலைக்காட்சியில் 'கெலுவாங் மேன்' வந்தார். 2006-இல் திரையில் 'சிச்சாக்மேன்' வந்தார். தாளில் வரைந்த வீரர் அசையமாட்டார். அவர் பறக்கிறார், பாய்கிறார் என்று காட்டுவதற்கு அலைபாயும் மேலங்கி ஓவியருக்குத் துணை செய்தது. பளிச்சிடும் நிறங்கள் வாசகரின் கண்ணைக் கவர்ந்தன. நம் தெருக்கூத்தில் பெரிய கிரீடமும் தோளணியும் பூணுவதும் இதற்காகவே அன்றோ? இரவில், விளக்கொளியில், தொலைவில் அமர்ந்திருப்பவருக்கும் அரசன் இவன் என்று தெரியவேண்டும். அக்கிரீடத்துடன் எவரும் போர்க்களம் புகுவதில்லை. வேடம் காண்பவருக்காக அமைவது. உடையோ உடுத்துபவருக்காக அமைவது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

முதற் சோதனை நம் நாட்டு வெயில். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஆண்டு முழுவதும் நண்பகல் வெப்பம் 32 அல்லது 33 பாகையை எட்டுகிறது. காற்றிலும் ஈரப்பதம் மிகுதி. வியர்வை ஆவியாகும்போதுதான் நம் உடல் குளிர்கிறது. தலை முதல் கால் வரை காற்றுப் புகாத உடையை இறுக அணிந்தால் வியர்வை ஆவியாக வழியில்லை. உடற்சூடு ஏறி மயக்கமும் வரலாம். பத்துமலையில் தைப்பூசத்தன்று காவடி சுமந்து 272 படிகளை ஏறும் அடியார்களைப் பாருங்கள். ஆடவர் பலர் திறந்த மேனியுடன், இடையில் வேட்டி மட்டும் அணிந்து செல்கின்றனர். பெரும் பாரம் சுமப்பவருக்கு இந்நாட்டில் எத்தகைய உடை ஏற்றது என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

இரண்டாம் சோதனை மேலங்கி. 1927-ஆம் ஆண்டில், புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் காரில் சென்றபோது, கழுத்தில் அணிந்திருந்த நீண்ட துணி சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் அமரும் தாய்மார் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வதும் இவ்வச்சத்தினாலேயே. பிரிக்பீல்ட்ஸ் அருகே உள்ள கேஎல் சென்ட்ரல் நிலையத்தின் மின்படிக்கட்டில் மேலங்கி தரையில் புரள ஒரு சிறுவன் ஏறினால் என்ன ஆகும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்றாம் சோதனை நெருப்பு. தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் துணிக்கடைகள் நிரம்பி வழிகின்றன. வீடுதோறும் அகல்விளக்கு எரிகிறது. மலிவான வேட உடைகளிற் பல பாலியெஸ்டர், நைலான் துணியால் தைக்கப்பட்டவை. பருத்தித் துணியும் தீப்பற்றும் என்பது உண்மையே. ஆயினும் இச்செயற்கை இழைகள் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வதால் காயம் ஆழமாகிறது. இனி முகமூடியோ, பக்கப் பார்வையை மறைக்கிறது. சாலையைக் கடக்கும் பிள்ளைக்கு அப்பார்வைதான் முதற் காவல்.

"அப்படியாயின் அவ்வுடையில் நன்மையே இல்லையா?" எனச் சிலர் வினவலாம். இரண்டு நன்மைகள் உண்டு. அவ்விரண்டும் மெய்யான வாழ்வில் முன்பே இடம்பெற்றுவிட்டன. ஒன்று, பளிச்சிடும் அடையாளம். தீயணைப்பு வீரரின் உடையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகள் உள்ளன. புகையிலும் இருளிலும் தோழர் அவரை அறிந்துகொள்வர். மற்றொன்று, வலிய இழை. 1965-இல் ஸ்டெபனி குவோலெக் என்னும் அம்மையார் கண்டறிந்த ஆய்வின் பயனாகக் கெவ்லார் பிறந்தது. அது எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலிமையுடையது. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் கவச அங்கி அதனால் ஆவது. நோமெக்ஸ் என்னும் மற்றோர் இழை தீயில் உருகுவதில்லை. தீயணைப்பு உடைகளுக்கு அது பயன்படுகிறது. இவற்றை அணிவோர் மேலங்கியைத் தேடவில்லை.

உண்மை வீரர்களுக்கு நம் வட்டாரத்தில் பஞ்சமில்லை. 1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். இடிபாடுகளுக்கிடையே புகுந்து தேடியவர்களுக்குத் தலைக்கவசமும் கையுறையும் காலணியுமே தேவைப்பட்டன; பறக்கும் மேலங்கி அங்கே கம்பியில் மாட்டிக்கொள்ளும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, சாதாரண மக்களும் படகுகளுடன் வந்து அண்டை அயலாரை மீட்டனர். அத்தகைய வெள்ளத்தில் உயிர்காப்பது மிதவை அங்கியே. தோட்டப்புறத்தில் விடியுமுன் பால்மரம் சீவப் புறப்பட்ட நம் பாட்டன் பாட்டிமாரையும் மறத்தலாகாது. நெற்றியில் விளக்கு, தலையில் துணிக்கட்டு, கொசுக்கடிக்கு அஞ்சி நீண்ட கைச்சட்டை! எந்த ஓவியரும் வரையாத அவ்வுடையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருந்தது.

ஆகவே, அதிசய வீரரின் உடை மேடைக்குப் பொருந்தும். வாழ்வுக்குப் பொருந்தாது என்பதே நமது கருத்து. பிள்ளைகளின் வேடிக்கையைத் தடுக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. மேலங்கியைக் கழுத்தில் முடிச்சிட்டுக் கட்டாமல், இழுத்த மாத்திரத்தில் கழன்றுவிடுமாறு தோளில் ஒட்டவைப்போம். முழங்காலுக்கு மேலேயே அது நிற்கட்டும். விளக்கருகே செல்லுமுன் வேடத்தைக் களைந்துவிடுவோம். அத்துடன், மாறுவேடப் போட்டியில் தீயணைப்பு வீரருக்கும், வெள்ளத்தில் படகு செலுத்தியவருக்கும், பால்மரம் சீவிய பாட்டிக்கும் இடம் தருவோம். மாணவச் செல்வங்களே, அவ்வேடத்தில் மேடையேறும் பிள்ளை, 'இதை ஏன் அணிந்தாய்?' என்று நடுவர் கேட்டால், ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் சொல்ல இயலும்.