செவிலியர் மீதான பிராதுகளை விசாரிக்கும் முறை குறித்த கோரிக்கை மனு

பெறுநர்:
மாநிலச் செவிலியர் பதிவு மன்றத்தின் பதிவாளர் அவர்கள்
சுகாதாரத் துறையின் அரசுச் செயலாளர் அவர்கள்

பொருள்: பதிவுக்கு எதிரான பிராதின் நகலையும் சிகிச்சைப் பதிவேடுகளின் நகலையும் செவிலியருக்கு அளித்த பின்னரே விளக்கம் கோருதல், விசாரணைக்குக் கால வரம்பு விதித்தல், பிற கோரிக்கைகள்.

பார்வை: இதே பொருள் குறித்து எங்கள் சங்கம் முன்னர் அனுப்பிய கடிதங்கள் (நகல்கள் இணைப்பில்).

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் பதிவு பெற்ற செவிலியர்களின் மாவட்டச் சங்கத்தின் சார்பில் இம்மனு சமர்ப்பிக்கப்படுகிறது.

முன்னர் அனுப்பிய கடிதங்களில் எதற்கும் விடை கிட்டாமையால், அவற்றில் கண்ட விஷயங்களையே விரிவாக மீண்டும் எழுத வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கிறோம். முதற் கடிதத்தில், பிராது எழுந்ததும் செவிலியருக்கு வரும் அறிவிப்பில், பிராது கொடுத்தவர் யார், எந்தத் தேதியில் எந்த வார்டில் எந்த நோயாளி விஷயமாக அது எழுந்தது, செய்யத் தகாத எதைச் செய்ததாகச் சொல்லப்படுகிறது என்னும் விவரங்கள் யாதொன்றும் இன்றி, குறுகிய கெடுவுக்குள் விளக்கம் தர வேண்டும் என்ற கட்டளை மாத்திரமே காணப்படுவதைச் சுட்டிக்காட்டியிருந்தோம். இரண்டாம் கடிதத்தில், விவரம் கேட்டு எழுதும் செவிலியருக்குப் பதில் வருமுன் கெடு முடிந்துவிடுவதையும், விளக்கம் தரவில்லை என்பதே பிறகு தனிக் குற்றமாக எழுதப்படுவதையும் தெரிவித்தோம். அடுத்த கடிதத்தில், பிராது நிலுவையில் இருக்கும் காலமெல்லாம் நன்னடத்தைச் சான்று நிறுத்தி வைக்கப்படுவதால், வளைகுடா நாடுகளிலும் பிரிட்டனிலும் வேலைக்குத் தேர்வு பெற்றவர்கள் குற்றம் நிரூபிக்கப்படாமலேயே ஜீவனோபாயத்தை இழப்பதை எடுத்துரைத்தோம்.

நோயாளிகள் பிராது கொடுக்கலாகாது என்று இச்சங்கம் ஒருபோதும் வாதித்ததில்லை. மருந்து மாறியதாலோ கவனக்குறைவாலோ துன்புற்ற ஒரு குடும்பம் நியாயம் கேட்டு வருமாயின், அந்தக் குடும்பத்துக்கு விரைந்த விசாரணையும் தெளிவான முடிவும் கிட்ட வேண்டும் என்பதில் எங்களுக்குப் பூரண சம்மதம் உண்டு. பிராதைப் படித்துப் பார்க்காத ஒருவர் எழுதித் தரும் விளக்கத்தினால் அந்தக் குடும்பத்துக்கும் உண்மை விளங்காது என்பதே எங்கள் அபிப்பிராயம்.

முதலாவதும் பிரதானமானதுமான கோரிக்கை இது: விளக்கம் கேட்கும் அறிவிப்போடு பிராதின் முழு நகலும், கேஸ் ஷீட், மருந்து வழங்கிய குறிப்பு, வார்டு ரிப்போர்ட் புத்தகத்தின் உரிய பக்கங்கள், அன்றைய டியூட்டிப் பட்டியல் ஆகியவற்றின் நகல்களும் செவிலியருக்கு அளிக்கப்பட வேண்டும், அவை கைக்கு வந்த நாளிலிருந்தே முப்பது நாள் அவகாசம் கணக்கிடப்பட வேண்டும்.

இதற்கு ஆதாரமாக, 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்றத் தொழில் ஒழுக்க ஒழுங்குமுறைகளைத் தங்கள் பார்வைக்கு மீண்டும் வைக்கிறோம். அவற்றின் 1.3.2ஆம் விதி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகள் தரப்பட வேண்டும் என்கிறது. இது நல்ல விதி. இதை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும் இதன் விளைவைச் சற்று யோசிக்க வேண்டும். பிராதுதாரர் மூன்று நாளில் பெற்று, வழக்கறிஞரிடம் காட்டி, வரிவரியாகப் படித்துப் பார்க்கும் அதே கேஸ் ஷீட்டை, அதில் தம் கையால் நேரமிட்டு ஒப்பமிட்ட செவிலியர், இடமாற்றம் பெற்றோ வேலையை விட்டோ போயிருந்தால், கண்ணாலும் காண முடிவதில்லை. பதிவேடுகளை மூன்றாண்டு காலம் காப்பாற்றினால் போதும் என்று அவ்வொழுங்குமுறைகளே கூறுவதால், காலந்தாழ்த்தி வரும் பிராதில் செவிலியருக்குத் துணை நிற்கக்கூடிய ஒரே சாட்சியம் அழிந்துபோவதற்கும் இடமுண்டு.

அவ்வொழுங்குமுறைகளின் எட்டாம் அத்தியாயம், மருத்துவர் மீதான பிராதில் விசாரணை நடத்தி, நேரிலோ வழக்கறிஞர் மூலமாகவோ தம் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும், ஆறு மாதத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்றும், தொழில் திறமைக் குறைவு பற்றிய தீர்ப்பை அத்துறையில் ஒத்த நிலையில் உள்ளவர்களே வழங்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஒரே கட்டிலின் அருகே, ஒரே இரவில், ஒரே நோயாளிக்குச் சிகிச்சை செய்த இருவரில், ஊசியை எழுதிக் கொடுத்தவருக்கு இத்தனை பாதுகாப்பும் இருக்க, அதைப் போட்டவருக்கு அவற்றுள் ஒன்றும் இல்லாதிருப்பதற்கு யாது காரணம் என்று கேட்டிருந்தோம். அந்தக் கேள்வி இன்னமும் விடையின்றியே நிற்கிறது.

எங்கள் உறுப்பினர் ஒருவர் விஷயத்தை மாத்திரம் இங்கே குறிப்பிடுகிறோம். இரவு டியூட்டியில் தொலைபேசியில் வந்த வாய்மொழி உத்தரவின்படி அவர் ஒரு மருந்தை ஏற்றினார். உத்தரவிட்டவரின் பெயரையும் நேரத்தையும் ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதினார். மறுநாட் காலையில் மருத்துவர் அதில் ஒப்பமிடவில்லை. பிராது வந்தபோது, அந்தப் பக்கம் கிடைத்திருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கக்கூடிய விளக்கத்தை, அவர் ஞாபகத்தை மாத்திரம் நம்பி எழுத நேர்ந்தது. ஞாபகத்தில் பிசகிய ஒரு நேரக் குறிப்பே அவர் பொய் சொன்னதற்கு அத்தாட்சியாகக் கொள்ளப்பட்டது. பதிவேட்டின் நகலைக் கொடுக்க மன்றத்துக்கு ஆகியிருக்கும் செலவு சில தாள்களே.

அரசு ஊழியராயுள்ள செவிலியருக்குத் துறை விசாரணையில் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் ஆவணப் பட்டியலும் கிடைக்கின்றன என்று சொல்லப்படலாம். தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு அந்த விதிகள் பொருந்தா. விசாரணை அதிகாரியின் அறிக்கை நகலைத் தண்டனைக்கு முன்னரே ஊழியருக்குத் தர வேண்டும் என்று 1993ஆம் ஆண்டு கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தபோது, அரசு நிறுவனம், தனியார் நிறுவனம் என்ற பேதம் பாராட்டவில்லை. ஒரு வேலையை இழப்பவருக்கே அந்த நியாயம் உண்டெனில், எந்த வேலையும் பார்க்க இயலாதபடி பதிவையே இழக்கக்கூடியவருக்கு அது இன்னும் அதிகமாக உண்டு. 2023ஆம் ஆண்டின் தேசியச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் மாநில ஆணையங்களை அமைக்கச் சொல்லியிருப்பதால், அவற்றுக்கான விதிகளிலேனும் இது தெளிவாக எழுதப்பட வேண்டும்.

இரண்டாவதாக, விசாரணை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். அதுவரை நன்னடத்தைச் சான்றில் பிராது நிலுவையில் உள்ளது என்று மாத்திரம் குறித்து, சான்றை வழங்க வேண்டும்.

மூன்றாவதாக, சம்பவ நேரத்தில் அந்த வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர் இருந்தனர் என்பது அறிக்கையில் இடம்பெற வேண்டும். பொது வார்டில் ஆறு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு.

நான்காவதாக, விசாரணைக் குழுவில் வார்டுப் பணியில் அனுபவமுள்ள செவிலியர் ஒருவரேனும் இடம்பெற வேண்டும்.

ஐந்தாவதாக, அறிவிப்புகள் தமிழிலும் அனுப்பப்பட வேண்டும். வந்து சேரும் விளக்கங்களுக்கு ஒப்புகை வழங்கப்பட வேண்டும்.

ஆறாவதாக, அறிவிப்பைப் பெறும் செவிலியர் செய்ய வேண்டுவன பற்றிய குறிப்பு ஒன்று அதனுடன் இணைக்கப்பட வேண்டும். கேஸ் ஷீட்டில் பிற்பாடு ஒரு சொல்லும் சேர்க்கலாகாது. பிராதுதாரரைத் தனியே சந்தித்துச் சமாதானம் பேச முயலலாகாது. நடந்தவற்றை நினைவு மங்குமுன் தேதியிட்டுத் தனியே எழுதி வைக்க வேண்டும். பதிவேட்டின் நகலைக் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அச்சத்தில் அன்றிரவே விளக்கம் எழுதி அனுப்பாமல் சங்கத்தையோ வழக்கறிஞரையோ கலந்துகொள்ள வேண்டும். இவற்றை எங்கள் உறுப்பினர்களுக்கு நாங்களே சொல்லி வருகிறோம். சங்கத்தில் சேராத செவிலியருக்கு இவற்றைச் சொல்ல மன்றத்தைத் தவிர வேறு எவரும் இல்லை.

இக்கோரிக்கைகளுள் மற்றவற்றை ஆலோசிக்கக் காலம் வேண்டுமாயினும், முதற் கோரிக்கையை நிறைவேற்றப் பதிவாளரின் சுற்றறிக்கை ஒன்றே போதுமானது. ஆகையால் அதன்மீது ஒரு மாத காலத்துக்குள் உத்தரவு பிறப்பித்து, அதன் நகலைச் சங்கத்துக்கு அனுப்பியருளுமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்,
மாவட்டச் செவிலியர் சங்கம்