இருபடிச் சமன்பாடும் நுழைவுத் தேர்வும்



நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இரவு வெகு நேரம் விளக்கு எரிகின்றது. பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட இயன்றவர் கட்டுகின்றனர். இயலாதவரோ, 'நம் பிள்ளையால் முடியுமா?' என்று ஏங்குகின்றனர். அத்தகைய இல்லங்களை மனத்திற்கொண்டே இத்திங்கள் இருபடிச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டோம். பள்ளிப் பாடநூலைப் பொருளுணர்ந்து படித்தவர் இப்பகுதியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

முதலில் பல்லுறுப்புக் கோவை என்றால் என்னவென்று தெளிவோம். நாம் தேடும் எண்ணை 'ம' என்று குறிப்போம். 3ம² + 5ம − 1 என்பது ஒரு பல்லுறுப்புக் கோவை. இதில் ம-இன் அடுக்குகள் 0, 1, 2 என முழு எண்களாகவே வரும். ம-இன் வர்க்கமூலமோ, ம-ஆல் வகுக்கும் உறுப்போ வந்தால் அது பல்லுறுப்புக் கோவை ஆகாது. மிக உயர்ந்த அடுக்கு 2 ஆகையால் மேற்கண்டது இருபடிக் கோவை. அதனை 0-க்குச் சமமாக்கினால் இருபடிச் சமன்பாடு பிறக்கின்றது. அச்சமன்பாட்டை மெய்யாக்கும் எண்ணே அதன் மூலம்.

ஒரு தோட்டத்தின் நீளம் அகலத்தைவிட 3 மீட்டர் மிகுதி. பரப்பு 40 சதுர மீட்டர். அகலம் யாது? அகலத்தை ம என்றால், ம(ம + 3) = 40. அதாவது ம² + 3ம − 40 = 0. பெருக்கினால் −40, கூட்டினால் 3 தரும் இரு எண்கள் 8, −5. ஆகவே (ம + 8)(ம − 5) = 0. இரண்டு எண்களின் பெருக்கல் 0 எனில் அவற்றுள் ஒன்றேனும் 0 ஆக வேண்டும். காரணிப்படுத்தும் முறையின் உயிர் இந்த ஒரு வாக்கியமே. மூலங்கள் 5, −8. அகலம் குறை எண்ணாக இராது. எனவே விடை 5 மீட்டர்.

எல்லாச் சமன்பாடுகளும் இவ்வாறு எளிதில் பிரிவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, ம² + 10ம = 39 என்னும் கணக்கைப் படம் வரைந்து தீர்த்தார். ம பக்கமுள்ள ஒரு சதுரம் வரையுங்கள். 10ம-ஐ இரு பாதியாக்கி, 5 அகலமுள்ள இரு பட்டைகளாக அதன் இரு பக்கங்களில் ஒட்டுங்கள். மூலையில் 5-க்கு 5 என ஓர் இடம் காலியாக நிற்கும். அதன் பரப்பு 25. அதனையும் நிரப்பினால் முழுச் சதுரத்தின் பரப்பு 39 + 25 = 64; பக்கம் 8. ஆகவே ம + 5 = 8; ம = 3. வர்க்கப் பூர்த்தி என்று நாம் மனப்பாடம் செய்வது, வெறும் மூலையை நிரப்பும் வேலைதான். பரப்பைக் கருதியதால் அவர் 3-ஐ மட்டுமே கொண்டார். −8-இன் வர்க்கமும் 64 ஆதலால், −13 என்னும் மூலமும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டு ஸ்ரீதரர் பின்னமே வராத வழி ஒன்றைக் கண்டார். அவருடைய இயற்கணித நூல் இன்று கிடைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் எடுத்துக்காட்டியதால் அவ்விதி நம்மை வந்தடைந்தது. அ ம² + ஆ ம + இ = 0 எனில், முழுவதையும் 4அ-ஆல் பெருக்கி, இருபுறமும் ஆ²-ஐக் கூட்டுக என்பதே அது. 3ம² + 5ம − 1 = 0 என்பதை 12-ஆல் பெருக்கினால் 36ம² + 60ம = 12. இருபுறமும் 25 கூட்டினால் (6ம + 5)² = 37. எனவே 6ம + 5 = ±√37. பொதுச் சூத்திரம் இவ்வாறே பிறந்தது. இவ்வழியை அறிந்தவர், தேர்வறையில் சூத்திரம் மறந்தாலும் இரண்டு நிமிடத்தில் அதனை மீண்டும் பெறுவர்.

மேலே கண்ட 37 என்பது ஆ² − 4அஇ. இதுவே தன்மைகாட்டி. அது மிகை எனில் வெவ்வேறான இரு மெய் மூலங்கள். 0 எனில் சம மூலங்கள். குறை எனில் மெய் மூலம் இல்லை.

இனித் தேர்வுக்கு வருவோம். ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை 2021ஆம் ஆண்டு முதல் தமிழிலும் எழுத இயல்கின்றது. அதன் கொள்குறி வினாக்களில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறைக்கப்படும். ஆகவே விரைவைப்போலவே நிதானமும் வேண்டும். நான்கு குறிப்புகளைக் கருத்திற் கொள்க.

ஒன்று: ம² = 5ம என்பதை இருபுறமும் ம-ஆல் வகுத்தால் 0 என்னும் மூலத்தை இழப்பீர்கள். வகுக்காமல் ம(ம − 5) = 0 என எழுதுக.

இரண்டு: மூலங்களின் கூடுதல் −ஆ/அ, பெருக்கற்பலன் இ/அ. ம² − 7ம + 5 = 0 என்பதன் மூலங்களுடைய வர்க்கங்களின் கூடுதல் கேட்கப்பட்டால், மூலங்களைக் காணவே வேண்டாம். 7² − 2 × 5 = 39.

மூன்று: கெழுக்களின் கூடுதல் 0 எனில் 1 ஒரு மூலம். 7ம² − 12ம + 5 = 0 என்பதில் 7 − 12 + 5 = 0. பெருக்கற்பலன் 5/7 ஆகையால் மற்ற மூலம் 5/7.

நான்கு: கிடைத்த விடையைச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்காமல் அடுத்த வினாவுக்குச் செல்லாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். கணிதம் அறியாத தாயும் தந்தையும்கூடப் பிள்ளைக்குத் துணைநிற்க இயலும். 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்பதற்கு முன், 'இந்த வரி எப்படி வந்தது, எனக்குச் சொல்' என்று கேளுங்கள். பிறருக்கு விளக்கும்போதே தன் ஐயம் எங்குள்ளது என்பதைப் பிள்ளை காணும். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

இத்திங்கள் பயிற்சி: ம² − க ம + 9 = 0 என்பதன் மூலங்கள் சமமாயின் க-இன் மதிப்பு யாது? 6 என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். விடை இரண்டு உண்டு.