இட்லிப் பானையும் அணு உலையும்



இட்லிப் பானையின் மூடியை ஆவி தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் வேலை செய்வது ஆவிதான்! அங்கே விறகுக்குப் பதில் யுரேனியம். அதன் அணுக்கருவை நியூட்ரான் என்னும் நுண்துகள் மோதிப் பிளக்கும்போது பெரும் வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பத்தில் நீர் ஆவியாகி டர்பைனைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. 2013-ல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் உலையின் திறன் 1,000 மெகாவாட்.

இதில் நிலக்கரிப் புகை இல்லை. ஆனால், பயன்படுத்திய யுரேனியத்தை அடுப்புச் சாம்பலைப்போல் கொட்டிவிட முடியாது. அதன் கதிர்வீச்சு பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும். உங்கள் பேரப்பிள்ளைகளும் அதைக் காவல் காக்க வேண்டும்.

புதுக்கோட்டையில் நாம் சுவிட்சைத் தட்டினால் வரும் மின்சாரத்துக்கு இப்படியும் ஒரு விலை உண்டு. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழன்றால் உடனே நிறுத்துங்கள். செய்வீர்கள்தானே?