எப்ப வந்தீங்க? எப்ப பயணம்?

அரபியின் 'ஸஃபர்' என்ற சொல் எங்கள் ஊர்ப் பேச்சில் 'சபுர்' ஆகி, சபுர் போனவர் 'சபுராளி' ஆனார். விடுமுறையில் ஊர் வரும் சபுராளியிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு: "எப்ப வந்தீங்க? எப்ப பயணம்?" பள்ளிவாசலில் முதல் தொழுகை முடிந்து, முஸாஃபஹா செய்த கையை விடுவதற்குள் இரண்டும் வந்துவிடும். கேட்பவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள். பதினோரு ஆண்டுகள் வளைகுடாவில் இருந்த நானும் சிரித்தபடியே பதில் சொல்லிப் பழகியிருந்தேன்.

ஒரு விடுமுறையில், இரவு உணவின்போது என் ஆறு வயது மகள் கேட்டாள்: "வாப்பா, உங்களுக்கு எப்ப பயணம்?" அவள் குரலில் வருத்தம் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் விசாரிப்பதைப் போல் மரியாதையாகக் கேட்டாள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

பொருள் தேடிப் புறப்படுவதை இஸ்லாம் தடுக்கவில்லை. அல்லாஹ்வின் அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரைத் திருக்குர்ஆன் (73:20) தனியே குறிப்பிட்டு, அவர்களுக்காக இரவுத் தொழுகையில் இலகுவையும் தருகிறது. ஆனால் குறைஷிகளைப் பற்றிய அத்தியாயம் பேசுவது குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும். அவை பருவத்தோடு புறப்பட்டு வீடு திரும்பிய வணிகப் பயணங்கள். நம் சபுருக்கோ பருவமும் இல்லை, முடிவும் இல்லை.

பயணி நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். ரமளான் நோன்பைப் பிற்பாடு நோற்கலாம். பயணம் சிரமமானது, தற்காலிகமானது என்பதால் கிடைத்த சலுகைகள் இவை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிப் பணிபுரிபவர் முழுமையாகத்தான் தொழுகிறார். ஆனால் கணவன் என்ற கடமையை, தந்தை என்ற கடமையை, பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணிவிடையை இரண்டு ஆண்டுக்கு இரண்டு மாதம் என்று சுருக்கிக்கொள்கிறார். தொழுகையைச் சுருக்கத்தான் அனுமதி வந்திருக்கிறது. குடும்பத்தின் ஹக்கைச் சுருக்க அனுமதி தந்தது யார்?

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி. ஊண், உறக்கத்தை அது கெடுப்பதால், வந்த வேலை முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்பிவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் சில இளைஞர்களும் மார்க்கம் கற்பதற்காக நபியவர்களிடம் வந்து இருபது இரவுகள் தங்கினார்கள். அவர்களுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட்டதை நபியவர்கள் தாமே உணர்ந்து, பின்னால் விட்டுவந்தவர்கள் யார் யார் என்று விசாரித்து, குடும்பத்தாரிடம் திரும்பி அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி அனுப்பிவைத்தார்கள். கல்விக்காக வந்தவர்களுக்கே இருபது நாளில் இந்தக் கனிவு!

உமர் (ரலி) அவர்களோ, போருக்குச் சென்ற கணவனை எண்ணி இரவில் புலம்பிய ஒரு பெண்ணின் குரல் கேட்டு, தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்தார்கள். அதன்பின், படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள். அந்த வரம்பு அறிவிப்புகளில் நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் வந்துள்ளது. அதைக் கூடுதலாகவே எடுத்துக்கொண்டாலும், இரண்டாண்டு ஒப்பந்தம் அதன் நான்கு மடங்கு.

"ஆசைப்பட்டா போகிறோம்?" என்று சகோதரர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். குடும்பத்தை உடன் அழைத்துச் செல்வதும் எளிதன்று. அமீரகத்தில் குடும்ப விசாவுக்குக் குறைந்தபட்சச் சம்பள வரம்பு உண்டு. சவூதியில் 2017 முதல் உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் விதிக்கப்பட்டது. முதலில் 100 ரியாலாக இருந்தது, ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியால் ஆனது. இவை நம் கையில் இல்லாதவை.

நம் கையில் இருப்பதைப் பேசுவோம். முதல் ஐந்தாண்டுச் சம்பாத்தியம் தங்கையின் கைக்கூலிக்கும் நகைக்கும் போகிறது. அடுத்த ஐந்தாண்டு, பக்கத்து வீட்டைவிட உயரமாக ஒரு வீடு எழும்புகிறது. அதற்குள் மகள் வளர்ந்துவிட, அவளுக்கான கைக்கூலி வந்து நிற்கிறது. மணமகன் மஹர் கொடுத்து மணம் முடிக்க வேண்டும் என்பது இறைக்கட்டளை. அதைத் தலைகீழாக்கியதன் விலையை அண்ணன்மாரும் வாப்பாமாரும் தங்கள் ஆயுளைக் கொண்டு செலுத்துகிறார்கள்.

என் கோரிக்கைகள் மூன்று. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பதோடு, எத்தனை ஆண்டு சபுர் என்பதையும் நிக்காஹுக்கு முன்பே கேட்கட்டும். புறப்படுபவர் தொகையையும் திரும்பும் ஆண்டையும் மனைவியோடு கலந்துபேசி எழுதி வைக்கட்டும். இலக்கை எட்டிய பின் புது இலக்கு வைப்பதானால் அதிலும் அவர் சம்மதம் இருக்கட்டும். கைக்கூலி வாங்கும் திருமணங்களுக்கு நிக்காஹ் பதிவேடு தருவதில்லை என்று மஹல்லா ஜமாஅத்துகள் உறுதியாக நிற்கட்டும்.

அல்ஹம்துலில்லாஹ், நான் ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வருமானம் பாதிக்கும் கீழே. மாடி கட்டும் எண்ணத்தைக் கைவிட்டோம். மகள் இன்னும் பள்ளிக்கூடத்துக் கடிதத்தில் கையெழுத்து வாங்க உம்மாவிடம்தான் முதலில் போகிறாள். பதினோரு ஆண்டுப் பழக்கம் மூன்றாண்டில் மாறிவிடாது. காத்திருக்கிறேன்.

பிரிந்து வாழும் குடும்பங்களை வல்ல ரஹ்மான் ஹலாலான ரிஸ்கோடு ஒன்றுசேர்த்து வைப்பானாக! ஆமீன்.